ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம்: வெள்ளிக்கிழமையில் தொடங்கும் திட்டம்

பல வாரத் திட்டங்களில் பக்க எண்கள்தான் இருக்கும். திங்கள் 42 முதல் 44 வரை, செவ்வாய் 45, புதன் பயிற்சி. இப்படி எழுதிய திட்டம் ஆசிரியர் எதுவரை போனார் என்று சொல்லும். பிள்ளைகள் எதுவரை வந்தார்கள் என்று சொல்லாது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இந்த இடைவெளி வேகமாக அகலும். தொட்டு எண்ணக்கூடிய பொருள்களை விட்டுப் பின்னம், காரணம், விளக்கம் என்று பாடம் நகர்வது இந்த வயதில்தான். புரியாத பிள்ளையும் கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதிவிடும். நோட்டைத் திருத்தினால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

அதனால் திட்டத்தை வெள்ளிக்கிழமையில் தொடங்குங்கள். வெள்ளியன்று பிள்ளைகள் யார் உதவியும் இல்லாமல் எதைச் செய்ய வேண்டும்? அதைக் கேள்வியாகவே எழுதுங்கள். "பின்னங்களை ஒப்பிடுதல்" என்பது தலைப்பு. அது இலக்கு ஆகாது. கேள்வியாக எழுதும்போதுதான் எதைக் கற்பிக்கப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்பது நமக்கே தெளிவாகும்.

இங்கே 36 பிள்ளைகள் உள்ள ஐந்தாம் வகுப்பையும் 40 நிமிடப் பாடவேளையையும் எடுத்துக்கொள்வோம். கணக்கில் பின்னங்களை ஒப்பிடுதல், அறிவியலில் ஆவியாதல், மொழியில் காரணம் சொல்லி ஒரு பத்தி எழுதுதல். மொழிப் பாடத்தின் பத்தி அறிவியல் சோதனையைப் பற்றியதாகவே இருக்கட்டும். எழுதக் கற்கும் பிள்ளைக்கு எழுத விஷயம் வேண்டும், தானே அளந்து பார்த்தது கையில் இருந்தால் "என்ன எழுதுவது?" என்ற கேள்வி எழாது.

வெள்ளிக்கிழமைக் கணக்குத் தாள் இப்படி இருக்கலாம்:

1. 3/8, 5/8: எது பெரியது?
2. 2/5, 2/7: எது பெரியது? ஏன்?
3. 3/4-க்குச் சமமான இரண்டு பின்னங்களை எழுதுக.
4. 5/6, 7/8: எது பெரியது? படம் வரைந்தோ சொற்களிலோ காட்டுக.
5. ஒரு பொருளின் 1/4 பங்கு, வேறொரு பொருளின் 1/2 பங்கைவிடப் பெரியதாக இருக்க முடியுமா? எப்போது?

ஒவ்வொரு கேள்வியும் ஒரு தவறான எண்ணத்தை வெளியே கொண்டுவருவதற்காகவே இருக்கிறது. 7 பெரிய எண் என்பதால் 2/7 பெரியது என்று நினைக்கும் பிள்ளை இரண்டாவதில் மாட்டும். 5/6-இலும் ஒரு பங்கு குறைகிறது, 7/8-இலும் ஒரு பங்கு குறைகிறது, ஆகவே இரண்டும் சமம் என்று நினைக்கும் பிள்ளை நான்காவதில். அந்தக் குறையும் பங்குகளே வெவ்வேறு அளவு என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. ஐந்தாவது கேள்வி முழுப்பொருள் ஒன்றாக இருந்தால்தான் பின்னங்களை ஒப்பிட முடியும் என்பதைச் சோதிக்கிறது. பல வகுப்புகளில் கேட்கப்படாமலே போகும் கேள்வி இது.

எண்கோட்டை இந்த வாரத்தில் சேர்க்க வேண்டாம். 0 முதல் 2 வரை உள்ள கோட்டில் 1/2-ஐக் குறிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் கோட்டின் நடுவில், அதாவது 1-இல் குறிப்பார்கள். இடைவெளியை எண்ணாமல் சிறுகோடுகளை எண்ணுவார்கள். அந்தச் சிக்கல்களுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும். குறுக்குப் பெருக்கல் முறையையும் தள்ளி வையுங்கள். அதைக் கொடுத்த மறுநாளே எல்லா விடையும் சரியாக வரும். 2/5 ஏன் 2/7-ஐவிடப் பெரியது என்று கேட்டால் பதில் வராது.

வாரம் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

பின்னத்துக்குக் காகிதப் பட்டைகள் போதும். நீளம் 24 சென்டிமீட்டர், அகலம் 3 சென்டிமீட்டர். 24-ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: இரண்டு பங்கு 12, மூன்று பங்கு 8, நான்கு பங்கு 6, ஆறு பங்கு 4, எட்டுப் பங்கு 3 என்று எல்லாம் முழு சென்டிமீட்டரில் வரும். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆகவே நீளவாக்கில் வெட்டினால் ஒரு தாளில் 7 பட்டைகள். பிள்ளைக்கு ஆறு பட்டைகள் வேண்டும்: ஒன்று வெட்டாத முழுமை, மற்றவை 2, 3, 4, 6, 8 பங்குகளுக்கு. 36 பிள்ளைகளுக்கு 216 பட்டைகள், 31 தாள்கள். கிழிப்பதற்கும் தவறாக வரைவதற்கும் சேர்த்து 34 தாள்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பழைய உறையும் வேண்டும். பட்டைகள் வெள்ளிவரை தொலையாமல் இருக்க வேறு வழி இல்லை.

காகிதத்தை மடித்தே பங்கிடலாமே என்று தோன்றும். பாதி, கால், எட்டிலொன்று மடிப்பில் சரியாக வரும். மூன்றாக மடிப்பது பெரியவர்களுக்கே கடினம். மடிப்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் பிசகினால் 1/3-உம் 2/6-உம் ஒரே கோட்டில் நிற்காது. பிள்ளை தன் கண்ணைத்தான் நம்பும், இரண்டும் வேறு என்று முடிவு கட்டிவிடும். வட்டப் படத்துக்கும் இதே குறை: கையால் வட்டத்தை மூன்றாகவோ ஆறாகவோ சமமாகப் பிரிக்க முடியாது.

அறிவியலுக்கு ஒரே மாதிரியான தட்டுகள், டம்ளர்கள், ஓர் அளவு ஜாடி, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில். கிராம் கணக்கில் எடை காட்டும் சிறு தராசு கிடைத்தால் வேலை பாதியாகும். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிராம் என்பதால் பாத்திரத்தோடு நிறுத்து, வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தாலே போதும். தண்ணீரை ஊற்றி அளக்க வேண்டாம்.

வாசிப்பு இணைகளையும் முன்பே முடிவு செய்யுங்கள். வாசிப்பில் மிகச் சரளமான பிள்ளையிலிருந்து மிகத் தடுமாறும் பிள்ளைவரை 1 முதல் 36 என வரிசைப்படுத்தி, பட்டியலை நடுவில் வெட்டுங்கள். 1-உடன் 19, 2-உடன் 20, 18-உடன் 36. முதல் பிள்ளையையும் கடைசிப் பிள்ளையையும் சேர்த்தால் ஒருவர் சலித்துப்போவார், மற்றவர் கூசிப்போவார். இந்த முறையில் எந்த இணையிலும் இடைவெளி ஒரே அளவாக, தாங்கக்கூடியதாக இருக்கும். பட்டியல் உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது.

திங்கள்

கணக்கு வேளையைக் கற்பிப்பதில் தொடங்காதீர்கள். "1/3, 1/4: எது பெரியது?" என்று பலகையில் எழுதி, சிலேட்டிலோ தாள் துண்டிலோ விடை எழுதி ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் என்பது முக்கியம். இல்லாவிட்டால் பக்கத்துச் சிலேட்டின் விடைதான் வரும். மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் தவறு என்றால் திங்கள் முழுவதும் 1/2, 1/3, 1/4, 1/6, 1/8 ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பட்டைகளைப் பிள்ளைகளே அளந்து கோடு போட வேண்டும். இதற்கு 25 நிமிடங்கள் ஆகும், ஆகட்டும். இங்கே மூன்று தவறுகள் வரும். ஸ்கேலின் ஓரத்திலிருந்து அளப்பது முதல் தவறு; பூஜ்யக் கோடு ஓரத்திலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கும். ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளப்பது அடுத்தது. எட்டுப் பங்குக்கு ஏழு முறை நகர்த்தினால் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் சேர்ந்து, கடைசிப் பங்கு ஏறத்தாழக் கால்வாசி குறைந்து நிற்கும். ஸ்கேலை அசைக்காமல் 3, 6, 9, 12, 15, 18, 21 என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, எட்டுப் பங்குக்கு எட்டுக் கோடுகள் போடுவது. கோடுகள் ஏழு, பங்குகள் எட்டு என்பதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்லட்டும். இதே குழப்பம்தான் பின்னால் எண்கோட்டிலும் வரப்போகிறது.

அறிவியல் சோதனையும் திங்களன்றே தொடங்கிவிட வேண்டும். தண்ணீருக்கு நாள் வேண்டும். நான்கு பேராக ஒன்பது குழுக்கள். மூன்று குழுக்களுக்குப் பரப்பு: ஒரு தட்டு, ஒரு டம்ளர், இரண்டிலும் 200 மில்லிலிட்டர், அருகருகே. மூன்று குழுக்களுக்குக் காற்று: ஒரே மாதிரி இரண்டு தட்டுகள், ஒன்று மின்விசிறிக்குக் கீழே, ஒன்று காற்றுப்படாத மூலையில். மூன்று குழுக்களுக்கு வெப்பம்: ஒரு தட்டு வெயிலில், ஒன்று நிழலில். ஒரே சோதனையை மூன்று குழுக்கள் செய்தால், எண்கள் ஏன் கொஞ்சம் மாறுகின்றன என்ற நல்ல பேச்சு தானாக வரும். வகுப்பு முழுவதற்கும் பொதுவாக, மூடிய பாட்டில் ஒன்றில் கொஞ்சம் தண்ணீரை அலமாரியில் வையுங்கள். அதைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல வேண்டாம்.

நீரை ஊற்றும் முன் "எது முதலில் குறையும், ஏன்?" என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுத வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எழுதினால் எல்லோருடைய கணிப்பும் சரியாகவே இருக்கும்.

எழுத்துப்பிழைக்கான பத்துச் சொற்களையும் இந்தச் சோதனையிலிருந்தே எடுங்கள்: அளவு, நிழல், வெயில், காற்று, குறைந்தது, பரப்பு, உலர்ந்தது, வெப்பம், பாத்திரம், கண்ணாடி. திங்களன்று முன்னறிவிப்பில்லாமல் சொல்வதெழுதுதல். சரியாக எழுதிய சொல்லைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. தவறியவை மட்டுமே அந்தப் பிள்ளையின் வாரச் சொற்கள். நிளல், குரைந்தது, காத்து என்பவைதான் அதிகம் வரும். பத்துச் சொற்களையும் ஐந்து முறை எழுதச் சொன்னால் கை வலிக்கும், பிழையும் ஐந்து முறை பதியும்.

செவ்வாய்

அறிவியல் வேளையைச் சோதனை தொடங்கிய அதே நேரத்துக்கு வையுங்கள், 24 மணி நேரக் கணக்கு சரியாக வரும். வெயில்–நிழல் குழுக்கள் மட்டும் காலையில் வைத்து மாலையில் அளக்கட்டும். இரவில் வெயில் இல்லை.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. பல வகுப்புகளில் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளக்கிறார்கள். தட்டில் மூன்று மில்லிமீட்டர் குறைந்திருந்தால் டம்ளரிலும் ஏறத்தாழ அவ்வளவே குறைந்திருக்கும். மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவு நீர்தான் போகிறது. பிள்ளைகள் அந்த எண்களைப் பார்த்துப் பரப்புக்கும் ஆவியாதலுக்கும் சம்பந்தமே இல்லை என்பார்கள். அவர்களுடைய அளவைப்படி அது நியாயமான முடிவும்கூட. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர்; 7 சென்டிமீட்டர் டம்ளருக்குச் சுமார் 38. உயரம் ஒரே அளவு குறைந்தாலும் தட்டு இழந்த தண்ணீர் எட்டு மடங்கு. ஆகவே கொள்ளளவையோ எடையையோதான் அளக்க வேண்டும். ஜாடியில் ஊற்றி அளந்தால் தட்டில் சில மில்லிலிட்டர் ஒட்டிக்கொள்ளும். எல்லாக் குழுக்களுக்கும் அது பொது என்பதால் முடிவு மாறாது, ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

நடைமுறையில் கெடுப்பவை வேறு: மாலையில் பெருக்குபவர் தட்டைக் கவிழ்த்துவிடுவார், யாராவது விரலை விட்டுப் பார்ப்பார்கள், எது யாருடையது என்று தெரியாது. குழு எண், தொடங்கிய நேரம், "தொட வேண்டாம்" மூன்றையும் தாளில் எழுதி ஒட்டுங்கள். ஈரம் மிகுந்த நாள்களில் தண்ணீர் குறையவே குறையாது. அப்போதைக்கு இரண்டு ஒரே அளவுத் துணிகளை நனைத்துப் பிழிந்து, ஒன்றை விரித்தும் ஒன்றை நான்காக மடித்தும் தொங்கவிடுங்கள். சில மணி நேரத்திலேயே வித்தியாசம் கைக்குத் தெரியும்.

"தண்ணீர் எங்கே போனது?" என்று கேட்டால் தட்டு உறிஞ்சிவிட்டது, சூரியன் குடித்துவிட்டது என்று பதில்கள் வரும். தவறு என்று சொல்லி மூடாதீர்கள். வெறும் தட்டைத் திங்களன்று நிறுத்திருந்தால், உலர்ந்த தட்டை மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். உறிஞ்சியிருந்தால் எடை கூடியிருக்க வேண்டும். நிழலில் வைத்த தட்டிலும் நீர் குறைந்திருப்பதைச் சூரியன் குடித்தது என்ற பிள்ளையையே படித்துக் காட்டச் சொல்லுங்கள். கொதித்தால்தான் ஆவியாகும் என்ற எண்ணமும் அங்கேயே தளரும். பிறகு மூடிய பாட்டிலை எடுத்து வாருங்கள்: உள்சுவரில் துளிகள், நீர்மட்டத்தில் மாற்றமே இல்லை. அந்தத் துளிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு விடை தேடும் பத்து நிமிடங்கள்தான் இந்த வார அறிவியலின் உச்சம். அதை அவசரப்படுத்த வேண்டாம்.

இத்தகைய கேள்விக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதும் கற்பித்தல்தான். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடியாவது காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிவிட்டுப் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 35 பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கணக்கில் இன்று பட்டைகளை வைத்து இரண்டு வகை ஒப்பீடு. பங்கின் அளவு ஒன்று, எண்ணிக்கை வேறு: 3/8, 5/8. எண்ணிக்கை ஒன்று, பங்கின் அளவு வேறு: 2/3, 2/4. இரண்டாவது வகைக்கே நேரத்தில் பெரும்பகுதி. பாடவேளை முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பட்டையே செய்யாத பின்னத்துக்குப் போங்கள்: 2/5, 2/7. பட்டை இல்லாமல், ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு பெரிதா ஏழாகப் பிரித்தால் பெரிதா என்று பேச வைக்க வேண்டும். பட்டையோடு மட்டும் பழகிய பிள்ளை வெள்ளியன்று பட்டை இல்லாதபோது தவிக்கும்.

தினமும் கடைசி நான்கு நிமிடங்கள்

ஏ4 தாளை எட்டாக வெட்டினால் ஐந்து தாளில் வகுப்புக்கே துண்டுகள் கிடைக்கும். கணக்கு வேளையின் முடிவில் ஒரே ஒரு கேள்வி, துண்டில் விடை, வெளியே போகும்போது கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள், சரி, பாதி, தவறு என்று மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை.

அடுக்கின் உயரம் மறுநாளை முடிவு செய்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேல் தவறு என்றால் மறுநாள் வகுப்பு முழுவதற்கும் மறுபடி, ஆனால் வேறு வழியில்; அதே விளக்கத்தை உரக்கச் சொல்வதில் பயனில்லை. ஐந்தாறு பேர் என்றால் மற்றவர்கள் பயிற்சி செய்யும்போது அவர்களைப் பக்கத்தில் அமர்த்திப் பத்து நிமிடம். ஓரிருவர் என்றால் அவர்கள் இருக்கைக்கே போய் ஒரு கேள்வி. இந்த நான்கு நிமிடங்கள்தான் முதலில் வெட்டப்படும், மணி அடித்துவிடும் என்பதால். அதனால் 40 நிமிடப் பாடத்தை 34 நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள்.

புதன்

கணக்கில் சமான பின்னங்கள். ஆறு பட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இடது ஓரம் சேர அடுக்கி, ஒரு ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். எங்கெல்லாம் கோடுகள் ஒரே நேராக நிற்கின்றனவோ அவற்றை எழுத வேண்டும்: 1/2, 2/4, 3/6, 4/8; 1/3, 2/6; 2/3, 4/6; 1/4, 2/8; 3/4, 6/8. மேலும் கீழும் ஒரே எண்ணால் பெருக்கப்பட்டிருப்பதை இந்தப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் சொல்லிவிட்டால் அது விதியாகிவிடும். விதியை மறந்ததும் சிலர் மேலும் கீழும் 1 கூட்டி 1/2-உம் 2/3-உம் சமம் என்பார்கள். அப்படி வந்தால் பட்டையில் காட்டுங்கள்: ஒன்று 12 சென்டிமீட்டர், மற்றது 16. 2/4 என்பது 1/2-ஐப் போல இரு மடங்கு என்ற எண்ணத்துக்கும் மருந்து அதே பட்டைதான்.

புதிய கணக்குப் பாடம் புதனோடு நிற்க வேண்டும். வியாழனும் புதுப்பாடம் நடத்தினால் வெள்ளித் தேர்வு முந்தைய நாளின் நினைவைத்தான் அளக்கும்.

மொழி வேளையில் பத்தி எழுதும் வேலை தொடங்குகிறது. இதற்கு இரண்டு பாடவேளைகள் தொடர்ச்சியாகக் கிடைத்தால் நல்லது. முதலில் வேறொரு குழுவின் சோதனையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் சொல்லச் சொல்ல நீங்கள் பலகையில் எழுதுங்கள். எழுதும்போது சத்தமாக யோசியுங்கள்: "தண்ணி கொறஞ்சிடுச்சு என்று பேசுவோம், எழுதும்போது தண்ணீர் குறைந்துவிட்டது." "இங்கே அப்புறம் என்று மூன்று முறை வந்துவிட்டது, ஒன்றை எடுத்துவிடலாமா?" பிறகு பலகையை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் 36 ஒரே மாதிரிப் பத்திகள் வரும்.

பிள்ளைகள் ஆறு முதல் எட்டு வாக்கியங்கள் எழுதட்டும்: என்ன செய்தோம், என்ன கண்டோம், ஏன் அப்படி. மூன்றாவதில்தான் திணறல். "தட்டில் இருந்த தண்ணீர் அதிகம் குறைந்தது. ஏனெனில் தட்டின் பரப்பு பெரியது. அதனால் அதிகம் குறைந்தது" என்று ஏனெனிலையும் அதனாலையும் சேர்த்துச் சுற்றிவருவார்கள். முடிவை முதலில் சொன்னால் ஏனெனில், காரணத்தை முதலில் சொன்னால் அதனால். இரண்டில் ஒன்று போதும் என்று பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள். எண் இல்லாத பத்தியை ஏற்காதீர்கள். "நிறைய குறைந்தது" என்று எழுதியிருந்தால் "எத்தனை மில்லிலிட்டர்?" என்று ஓரத்தில் கேளுங்கள்.

திருத்தும்போது ஒரு நோட்டில் இரண்டு விஷயங்களுக்கு மேல் தொடாதீர்கள். ஒன்று கருத்து, ஒன்று எழுத்துப்பிழை. பிழையான சொல்லைச் சரிசெய்து எழுதித் தர வேண்டாம். அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், பிள்ளை தேடட்டும். வல்லினம் மிகும் இடங்களை இந்த வாரம் விட்டுவிடலாம். மதிப்பெண்ணும் வேண்டாம். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்ததும் எழுத்தைப் படிப்பதில்லை.

வாசிப்பு தினமும் 15 நிமிடங்கள், இணைகளில். 150 முதல் 200 சொற்கள் உள்ள ஒரே பகுதியை வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வாசிக்க மற்றவர் விரலால் தொடர்வார், தடுக்கிய சொல்லில் மூன்று விநாடி பொறுத்துச் சொல்லித்தருவார். கேள்விகளில் ஒன்றாவது பகுதியில் நேராக இல்லாததாக இருக்கட்டும்.

வியாழன்

மூன்று நாள் துண்டுகளையும் எடுத்து, எந்தத் தவறு யாரிடம் என்று பாருங்கள். மதிப்பெண்ணின்படி பிரிக்காமல் தவறின் வகைப்படி மூன்று குழுக்கள். பெரிய கீழெண் என்றால் பெரிய பின்னம் என்று நினைப்பவர்கள் உங்கள் பக்கத்தில், பட்டைகளோடு, இருபது நிமிடம். சமான பின்னத்தில் தடுமாறுபவர்கள் இணைகளாக அடுக்கிப் பார்த்து எழுதுவார்கள். இரண்டும் தெரிந்தவர்களுக்கு 5/6, 7/8: ஒவ்வொன்றும் முழுமைக்கு எவ்வளவு குறைவு என்று கேளுங்கள். பட்டையில் 20 சென்டிமீட்டருக்கும் 21-க்கும் உள்ள வித்தியாசம் மெல்லியதுதான், ஆனால் தெளிவாகத் தெரியும். அவர்கள் கண்டுபிடித்ததைக் கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்புக்கு விளக்கட்டும்.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குகள் கொடுப்பது தண்டனை. 1/2-க்கும் 3/4-க்கும் இடையில் ஒரு பின்னம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அல்லது எல்லோரும் தவறு செய்யக்கூடிய ஒரு கேள்வியை உருவாக்கி, ஏன் தவறுவார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

திங்களன்று வராத பிள்ளையிடம் பட்டைகளே இருக்காது. அதற்காகத்தான் மிச்சத் தாள்கள். கோடு போட்ட உறை ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். அளந்து கோடு போடுவதிலேயே பாதிப் பாடம் இருக்கிறது.

மொழியில் பத்தியைத் திருப்பிக் கொடுத்து, ஓரப் புள்ளிகளைத் தேடித் திருத்தி மறுபடி எழுத ஒரு பாடவேளை முழுவதும் ஒதுக்குங்கள். வீட்டுக்கு அனுப்பினால் நகலெடுத்து வரும். வீட்டுப்பாடம் பொதுவாக 20 நிமிடத்துக்குள், வகுப்பில் ஏற்கெனவே சரியாகச் செய்த வகையிலிருந்து மட்டும். தெரியாததை வீட்டில் செய்தால் தவறான வழியில்தான் கை பழகும்.

வெள்ளி

ஐந்து கேள்விகளும் 20 நிமிடம், பட்டைகள் உறைக்குள். அவற்றோடு போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று சேருங்கள். படித்தது மிக வேகமாக மறப்பது தொடக்க மணிகளில்தான் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்மீதே சோதித்துக் காட்டினார். இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே அதற்கு ஈடு. நோட்டைத் திறந்து மறுபடி வாசிப்பது அந்த வேலையைச் செய்யாது. சொல்வதெழுதுதலும் இன்றே, தவறிய சொற்கள் உள்ள வாக்கியங்களாக.

தாள்களை அன்றே, பிள்ளைகள் இருக்கும்போதே பாருங்கள். நான்காவது கேள்வியில் படத்தைக் கவனியுங்கள்: ஒரே நீளமில்லாத இரண்டு பட்டைகள் வரைந்து 5/6-ஐப் பெரிதாகக் காட்டியிருந்தால், தவறு ஒப்பீட்டில் இல்லை, முழுப்பொருளில் இருக்கிறது. அதே பிள்ளை ஐந்தாவதிலும் விழுந்திருக்கும். விடை சரியாக இருந்து காரணம் தவறாக இருந்தால் அதைச் சரி என்று எண்ணாதீர்கள்.

அறிவியலில் ஒன்பது குழுக்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் எழுதி, திங்களன்று எழுதிய கணிப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மாறிய கணிப்பின் கீழே "இப்போது நினைப்பது" என்று ஒரு வரி. பழையதை அழிக்கக் கூடாது.

விடுமுறையால் ஒரு நாள் குறைந்தால் வியாழனை வெட்டத்தான் கை போகும். வெட்ட வேண்டியது புதன். சமான பின்னங்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, மூன்றாவது கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் குறைந்தால் நான்காவதையும் எடுங்கள். இரண்டாவது கேள்வியும் ஐந்தாவதும் நிற்கட்டும். வெள்ளி மாலை திட்டத் தாளின் அடியில், அதிகம் பேர் தவறிய கேள்வியின் எண்ணையும் அந்தப் பிள்ளைகளின் வரிசை எண்களையும் குறித்து வையுங்கள். அடுத்த திங்கள் சிலேட்டில் உயர்த்திக் காட்ட வேண்டிய கேள்வி அதுதான், எண்கள் மட்டும் வேறு.